நடக்கக் கூடாத பாலத்துக்கு நான் காவல்

சினிமாவுக்குப் போட்ட பாலத்துக்குக் காவல் வேலை என்றால், அதன் மேல் யாரும் நடக்காமல் பார்த்துக்கொள்வது. ஒரு பாலத்தை இதைவிட அவமானப்படுத்த யாராலும் முடியாது. கல்யாண மண்டபத்தில் பந்திக் கதவை மறித்து நின்றவர்கள், திருவிழாவில் கயிறு பிடித்தவர்கள், ரேஷன் கடையில் "லைன்ல வாங்க, லைன்ல வாங்க" என்று தொண்டை கிழியக் கத்தியவர்கள் எல்லாரும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே பாவத்தைச் செய்தவர்கள்.

பிளஸ் டூ பரீட்சை முடிந்திருந்தது, ரிசல்ட் வரவில்லை. அப்பா குரலில் அம்மாவிடம் டீ கேட்பதும், அம்மா குரலில் அப்பாவைத் திட்டுவதுமாக வீட்டில் என் பொழுது நல்லபடியாகவே போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் மரக்காணம் உப்பளத்துக்கு சினிமா வந்தது. தலையணை கனத்தில் நாலு பாகம் ஓடும் ஒரு மாயாஜால நாவலைப் படமாக எடுக்கிறார்களாம். பாத்திகளுக்கு உப்புத் தண்ணீர் கொண்டுவருகிற பெரிய வாய்க்காலின் குறுக்கே ஒரு பாலம் போட்டார்கள். பார்க்க ஆயிரம் வருஷத்துக் கல் பாலம். இரண்டு முனையிலும் வாயைப் பிளந்த பூத முகம். கிட்டப் போனால் பிளைவுட்டும் பிளாஸ்டரும் தெர்மாகோலும். ஊர் ஜனம் ஏறி மிதித்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள்.

அம்சவேணி அத்தை, அதாவது என் அப்பாவின் அக்கா, அந்த உப்பளத்தில் உப்பு வாரிச் சுமக்கிற பெண்களுக்கெல்லாம் மேஸ்திரி. அவள்தான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் சினிமாக்காரர்கள் முன்னால் நிறுத்தினாள். என்னைப் பற்றி அவள் கொடுத்த சர்டிபிகேட் இவ்வளவுதான்: "இவ வாய மூட எங்களால முடியல, நீங்களாவது மைக் குடுத்து வச்சுக்குங்க."

ராஜா காலத்துக் கல்

சாதாரணக் குரலில் "பாலத்து மேல ஏறாதீங்க" என்று சொன்னால் யாருமே கேட்பதில்லை. பாண்டிச்சேரி பஸ் கண்டக்டர் குரலில், "எறங்கு எறங்கு, படியில நிக்காத" என்று சொல்லிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே இன்னும் நாலு பேர் ஏறினார்கள். கடைசியில் எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் குரலை எடுத்தேன். "யாரது அங்க? வெளிய வா. கைய நீட்டு." மீசை வைத்த பெரிய மனுஷர்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டு இறங்கி வந்தார்கள். ஒருவர் நிஜமாகவே கையை நீட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டக்குப்பத்திலிருந்து ஒரு குடும்பம் வேன் வைத்துக்கொண்டு வந்தது. துபாயிலிருந்து லீவில் வந்திருந்த அப்பா, மகனுக்கு வரலாற்றுப் பாடம் எடுக்க ஆரம்பித்தார். "பாத்தியாடா தம்பி, ராஜா காலத்துல கட்டினது. ஒவ்வொரு கல்லையும் யானை இழுத்துட்டு வந்துச்சு. இன்னிக்கு எவனாவது இப்படிக் கட்டுவானா?" நான் மைக்கை வாயருகே கொண்டுபோனேன், அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு இறக்கிவிட்டேன். பையன் பூதத்தின் காதில் விரலை விட்டுக் குடைந்துகொண்டிருந்தான். வெள்ளை வெள்ளையாய் உருண்டைகள் கொட்டின. பையன் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினான்: "அத்தா, நம்ம புது டிவி வந்தப்ப டப்பாக்குள்ள இருந்துச்சே, அதுலதான் ராஜா கட்டியிருக்காரு!"

பேக்கப்

எங்கள் டைரக்டருக்கு ஒரு பழக்கம். எதைப் பார்த்தாலும் முதலில் "பிரமாதம்!" என்பார். ஒரு நொடி விட்டு, "வேணாம்" என்பார். அந்த ஒரு நொடி இடைவெளிதான் குரலின் உயிர். அதைப் பிடித்ததும் மீதி தானாக வந்துவிட்டது: மூக்கில் கொஞ்சம், தொண்டையில் கொஞ்சம், வாக்கியத்தின் கடைசியில் ஒரு சலிப்பு.

எனக்கும் ஒரு வாக்கி டாக்கி கொடுத்திருந்தார்கள். யார் கொடுத்தது என்று அப்புறம் விசாரணையே நடந்தது. ஒரு நாள் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தபோது அதை எடுத்து, "பிரமாதம்... பேக்கப்!" என்றேன். விளையாட்டுக்குத்தான். ஆனால் யூனிட் மொத்தமும் இதற்காகவே காத்திருந்த மாதிரி லைட்டை இறக்கியது, கேபிளைச் சுருட்டியது, குடையை மடக்கியது. பாலத்தைக் கட்டிய தச்சு மேஸ்திரி பலராமன் அண்ணன் சுத்தியலைத் துடைத்துப் பையில் போட்டுவிட்டு, சட்டையையும் மாட்டிக்கொண்டார். டைரக்டர் மட்டும் மானிட்டர் முன்னால் உட்கார்ந்து, "ஏம்பா, எல்லாரும் எங்க போறீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

என்னைக் கூட்டிக்கொண்டுபோய் டைரக்டர் முன்னால் நிறுத்தினார்கள். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். இன்னொரு தடவை பேசச் சொன்னார், பேசினேன். வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிக்காத ஒரே ஆள் பலராமன் அண்ணன்தான். சட்டையைத் திரும்பக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "இந்தா பாரு கண்ணு, இனிமே வாக்கியில டைரக்டர் சார் குரல் வந்தா அது நீதான்னு நான் வச்சுக்குவேன்."

விடியற்காலைக் கூட்டம்

உப்பு வாருகிறவர்கள் வெயிலுக்குப் பயந்து இருட்டோடேயே வேலையைத் தொடங்குவார்கள். சினிமாக்காரர்கள் இட்லி சாப்பிட்டு முடித்து வருவதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். பாத்திகள் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம். உப்பைக் குவிக்கிற மேடை அந்தப் பக்கம். நடுவில் தண்ணீர். தலையில் கூடையோடு தெற்கே தூரத்தில் இருக்கிற மதகு வரைக்கும் போய், சுற்றிக்கொண்டு வரவேண்டும். அத்தைக்கு முட்டி தேய்ந்து போனதே அந்த வழியில்தான்.

ஒரு நாள் சீக்கிரம் வந்துவிட்டேன். பார்த்தால், என் பாலத்தின் மேல் வரிசையாகக் கூடைகள் போகின்றன. பூதத்தின் வாயில் யாரோ சும்மாட்டுத் துணியைக் காயப் போட்டிருக்கிறார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் குரலில், "யாரது அங்க?" என்றேன். "உங்க அத்தடி, நாயே" என்று பதில் வந்தது. வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்து, அத்தை நொண்டாமல் வீட்டுக்குப் போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். போகும்போது கேட்டாள்: "ஏண்டி, படம் முடிஞ்சதும் இத இன்னா பண்ணுவாங்க?" "பிரிச்சு எடுத்துட்டுப் போயிடுவாங்க அத்தே." அவள் பாலத்தின் கைப்பிடியை, மாட்டைத் தட்டிக் கொடுப்பது மாதிரி இரண்டு தட்டு தட்டினாள்.

அதற்கப்புறம் யூனிட் வரும்வரை நான் கண்டும் காணாமல் வேறு பக்கம் பார்த்துக் காவல் காத்தேன். ஆனால் கூடையிலிருந்து ஒழுகிய உப்புத் தண்ணீர் பலகையில் காய்ந்து வெள்ளைத் திட்டாக நின்றது. டைரக்டர் குனிந்து பார்த்தார். "பிரமாதம்!" என்றார். ஒரு நொடி போனது; 'வேணாம்' வரவில்லை. "காலங்காலமா ஜனங்க நடந்து தேஞ்ச பாலம் மாதிரியே இருக்கு. யாருய்யா இந்தக் கறை போட்டது?" பலராமன் அண்ணன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை: "நம்ம பசங்கதான் சார், அதுக்குன்னே தனியா ஒரு கலவை இருக்கு."

எழுதினவர் வந்தார்

நாவலை எழுதியவரை ஒரு நாள் செட்டுக்கு அழைத்து வந்தார்கள். வெள்ளைச் சட்டை, துணிப்பை, ரொம்ப மெதுவான குரல். இப்படிப்பட்ட குரலைத்தான் மிமிக்ரி செய்யவே முடியாது. பிடிப்பதற்கு அதில் கொக்கியே இருக்காது. பாலத்தை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பார்த்தார். "ரொம்ப நல்லா இருக்கு தம்பி. ஆனா என் கதையில பாலமே கிடையாதே?" என்றார். அவர் கதையில், ஹீரோ கரையில் உட்கார்ந்து தண்ணீர் வடிவதற்காக ஒரு அத்தியாயம் முழுக்கக் காத்திருப்பானாம். அப்போதுதான் அவனுக்கு ஞானம் வருமாம்.

டைரக்டர் பணிவாகச் சொன்னார், "சார், தண்ணி வடியறதுக்குள்ள தியேட்டரும் வடிஞ்சிடும். பாலம் இருந்தாத்தான் கடைசியில அது உடையும். உடைஞ்சாத்தான் ஜனம் விசில் அடிக்கும்." பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. கூடையோடு மதகுப் பக்கம் போய்க்கொண்டிருந்த அத்தையை நிறுத்தி, "நீங்க எப்பவுமே இப்படிச் சுத்திக்கிட்டுத்தான் போவீங்களாம்மா?" என்று கேட்டார். அத்தை என்னைப் பார்த்தாள், இவர் யார் என்கிற மாதிரி. கதை எழுதினவர் என்றேன். கூடையை இறக்காமல், கழுத்தைத் திருப்பாமல் அவள் சொன்னது: "ஏங்கய்யா, அத்தினி பக்கம் எழுதினீங்களே, நடுவுல ஒரு பாலம் போட உங்களுக்குக் கை வரலியா?"

தொண்டை

உப்புக் காற்றில் கத்திக் கத்தி டைரக்டருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஒரு எழுத்து வெளியே வரவில்லை. டாக்டர் பேசவே கூடாது என்று சொல்லிவிட்டார். மறுநாள் என்னை மானிட்டர் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார்கள். அவர் என் காதில் கிசுகிசுப்பார். நான் மைக்கில் அவர் குரலில் கத்தவேண்டும். யூனிட்டில் எல்லாருக்கும் நான் கௌசி என்பது மறந்துபோய், வெறும் "தொண்டை" ஆகிவிட்டேன். "தொண்டைக்கு ஒரு இளநீர் குடுப்பா" என்றால் அது எனக்கு.

இதில் ஒரே சிக்கல். கிசுகிசுப்பில் எது ஊருக்கு, எது எனக்கு மட்டும் என்று பிரிக்கத் தெரியாது. ஹீரோ பூதத்தின் முன்னால் கண்கலங்கி நிற்கிறார். டைரக்டர் கிசுகிசுத்தார். நான் முழங்கினேன்: "பிரமாதம்! வேணாம். மூஞ்சப் பாரு, பல்லு வலிக்காரன் மாதிரி!" டைரக்டர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். ஹீரோ மெதுவாக நடந்து வந்து என் முன்னால் குனிந்து கேட்டார்: "தங்கச்சி, உண்மையச் சொல்லு, அப்படியா இருந்துச்சு? எனக்கு நிஜமாவே பல்லு வலிம்மா."

சாப்பாட்டு நேரத்தில், நல்ல மூடில் இருக்கிறாரே என்று பாலத்தைப் பிரிக்காமல் அத்தைக்கு விட்டுவிட்டுப் போக முடியுமா என்று டைரக்டரிடம் கேட்டேன். உப்பளத்து முதலாளி ஏற்கெனவே சொல்லிவிட்டார், சினிமாக்காரர்கள் விட்டுவிட்டுப் போனால் அவருக்கு ஆட்சேபணை இல்லை என்று. டைரக்டர் தயிர் சாதத்தைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டார். கிசுகிசுத்தார்: "கதைப்படி அது உடையணுமேம்மா, நான் இன்னா பண்ணட்டும்?"

முட்டு

உடைகிற நாள் வந்தது. நடுப்பகுதி மட்டும் ஒரு முளையில் நிற்கிற மாதிரி பலராமன் அண்ணன் கட்டியிருந்தார். முளையில் கம்பி; கம்பியின் மறுமுனை ஒரு டிராக்டரில். டிராக்டர் இழுத்தால் முளை கழன்று, பாலம் நடுவில் மடிந்து வாய்க்காலில் விழும். ஒரே தடவைதான் விழ முடியும் என்பதால் இருக்கிற கேமரா எல்லாவற்றையும் வைத்துவிட்டார்கள். அத்தையும் மற்ற பெண்களும் சாவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி வரப்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டைரக்டர் கையை உயர்த்தினார். "ஆக்‌ஷன்" என்று நான் அவர் குரலில் சொன்னேன். சொல்லவே பிடிக்கவில்லை.

டிராக்டர் உறுமியது. முளை கழன்றது. பாலம் ஒரு குலுக்கு குலுங்கி, ஒரு பூதத்தின் கீழ்த்தாடையை மட்டும் தண்ணீரில் போட்டுவிட்டு, அப்படியே நின்றது. இன்னும் இழுத்தார்கள். டிராக்டரின் முன்சக்கரம்தான் தூக்கிக்கொண்டது. பலராமன் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாலத்துக்கு அடியில் இறங்கினார். வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. "சார், அடியில புதுசா சவுக்குக் கட்டை நிக்குது சார். வரிசையா. பனந்துண்டு குறுக்க போட்டு, கயிறு கட்டி... இது என் வேலையில்ல சார்." எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பாலத்தின் மேல்பக்கத்துக்குத்தான் காவல். அடிப்பக்கத்தைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை.

வரப்பிலிருந்து அத்தை எழுந்து வந்தாள். உப்பளத்தில் ஒரு வழக்கம் உண்டு: சுமையோடு நடக்கிற பலகை ஆடினால், அடுத்த நடைக்கு முன்னால் முட்டுக் கொடுத்துவிட வேண்டும். யாருடைய பலகை, எதற்குப் போட்டது என்றெல்லாம் கேட்பதில்லை. பாலம் நடுவில் ஆடியிருக்கிறது; இவர்களும் விடியற்காலைகளில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, பெரிய மனது பண்ணி, சரிசெய்து கொடுத்திருக்கிறார்கள். டைரக்டருக்கு உதவி செய்ததாகவே அத்தை நினைத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்து ஆறுதலாகச் சொன்னாள்: "நடுவுல முட்டு வைக்க மறந்துட்டீங்க சார், அவசர வேலையில இதெல்லாம் சகஜந்தான், நாங்களே வச்சுட்டோம்."

வாய்

டைரக்டர் சத்தம் வராமல் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. பாலம் உடைகிறதைக் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. ஆனால் உடையாவிட்டாலும் பிரிக்கத்தான் வேண்டும். முதலாளிக்கு ஆட்சேபணை இல்லாவிட்டாலும், இடத்தை முன்பு இருந்தபடியே விட்டுவிட்டுப் போகவேண்டும் என்பது புரொடியூசர் போட்டிருந்த ஒப்பந்தம்.

கடைசி நாள் பாலத்தின் இரு பக்கமும் கயிறு கட்டிவிட்டார்கள். பெண்கள் பழையபடி கூடையோடு மதகுப் பக்கம் சுற்றிப்போக ஆரம்பித்தார்கள். டைரக்டருக்குக் குரல் திரும்பியிருந்தது. எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு ஈசிஆர் பக்கம் நிறுத்தியிருந்த காருக்குப் போய்விட்டார். பலராமன் அண்ணன் இந்தக் கரையில் கடப்பாரையோடு நின்றார். அந்தக் கரையில் நானும் அத்தையும். அவள் கையெல்லாம் உப்பு. கடப்பாரை கைப்பிடிக்கு அடியில் நுழைந்து முதல் பலகையை நெம்பியபோது அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போது பலராமன் அண்ணன் இடுப்பிலும் என் கையிலும் இருந்த வாக்கிகளில் டைரக்டர் குரல் வந்தது. "பலராமா, பிரிக்காத. பாலம் இருக்கட்டும், நான் புரொடியூசர் கிட்ட பேசிக்கிறேன்." பலராமன் அண்ணன் நிமிர்ந்து, வாய்க்காலைத் தாண்டி, கையில் வாக்கியோடு நிற்கிற என்னைப் பார்த்துவிட்டுத் தன் வாக்கியில் சொன்னார்: "நல்லா பண்றம்மா கண்ணு. ஆனா இன்னிக்கு வேணாம், வேலை இருக்கு." இரண்டாவது பலகை கிளம்பியது. "யோவ், நான்தான்யா பேசறேன்!" என்றது வாக்கி. "அந்த 'யோவ்' இருக்கே, அச்சு அசல்" என்றார் அவர். நான் பாலத்தின் மேல் ஓடினேன். அத்தையும் நொண்டிக்கொண்டே பின்னால் வந்தாள். "அண்ணே, சத்தியமா நான் இல்ல!" என்று என் சொந்தக் குரலில் கத்தினேன். அதற்கும் அவர், "இது யாரு குரல் பாப்பா? புதுசா இருக்குதே" என்றார். இத்தனை நாளில் என் சொந்தக் குரலை அவர் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மூன்றாவது பலகையில் கடப்பாரை இறங்கியது. அத்தை என்னைப் பின்னாலிருந்து பிடித்து, உப்புக் கையால் என் வாயை இறுக்கப் பொத்தினாள். மூச்சு முட்டியது, நாக்கெல்லாம் உப்பு. "இப்ப பேசச் சொல்லுங்க" என்றாள். எல்லாரும் வாக்கியைப் பார்த்தோம். "பலராமா," என்றது குரல், களைத்துப்போய். "கார்ல இருந்து பாக்கறேன்யா. அந்தம்மாக்கள்லாம் தலையில கூடையோட எவ்ளோ தூரம் சுத்திட்டுப் போறாங்க. விட்டுடுய்யா." கடப்பாரை தொப்பென்று பலகையில் விழுந்தது. பலராமன் அண்ணன் தன் வாக்கியை இரண்டு கையாலும் பிடித்து, "சாரி சார், சாரி சார்" என்று அதற்கு வணக்கம் போட்டார். கிளப்பிய பலகைகளை அவரே திரும்ப அடித்துக் கொடுத்தார். அத்தை என் வாயிலிருந்து கையை எடுக்கவேயில்லை. "வலிக்குதுன்னு கண்ணக் காட்டுது பாருங்க" என்று யாரோ சொன்னதற்குச் சொன்னாள்: "இருக்கட்டும், கார் கண்ண விட்டு மறையட்டும், அப்புறம் எடுக்கறேன்."

முதல் மழைக்கே பூத முகமும் கல்லும் கரைந்து போய்விட்டன; சவுக்கும் பனையும் பலகையும் நிற்கின்றன; காவலும் கிடையாது, கயிறும் கிடையாது. எத்தனையோ குரலில் எத்தனையோ கத்தியும், அந்தப் பாலத்துக்கு நான் செய்த ஒரே உருப்படியான வேலை, ஒரு தடவை வாயை மூடிக்கொண்டு நின்றதுதான்.